வரோஷா: வேலிக்குப் பின்னால் ஒரு கடற்கரை

சைப்பிரஸ் எண்டதும் நமக்கு நீலக் கடலும் வெள்ளை மணலும்தான் ஞாபகம் வரும். இப்போது உல்லாசப் பயணிகள் குவியும் அயியா நாப்பா 1974 வரைக்கும் ஒரு சின்ன மீனவக் கிராமம். அந்த நாளில் பெரிய ஹோட்டல்கள் நின்றது அதற்கு வடக்கே, ஃபமகுஸ்தா நகரின் வரோஷாவில்.

தீவு பிரித்தானியரிடமிருந்து விடுதலை பெற்றது 1960இல். மூன்றே வருடத்தில் கிரேக்க, துருக்கிய சமூகங்களுக்கிடையே மோதல் வெடித்தது. துருக்கியச் சனம் பலர் ஊர்களை விட்டு ஒதுங்கி வாழ வேண்டி வந்தது. 1974 ஜூலை 15இல் கிரேக்கத்தின் இராணுவ ஆட்சி தூண்டிய சதிப்புரட்சி நடந்தது. ஐந்து நாளில் துருக்கி படையெடுத்தது. ஆகஸ்டில் வரோஷாவின் கிரேக்கச் சனம் போட்டது போட்டபடி ஓடியது. கெதியாய்த் திரும்பலாம் எண்டுதான் பலரும் நினைத்தார்கள். துருக்கி இராணுவம் வரோஷாவைச் சுற்றி முட்கம்பி வேலி போட்டது.

அங்கே அதன் சொந்த மக்களைத் தவிர வேறு எவரையும் குடியேற்றக் கூடாது என்று ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 550ஆம் தீர்மானம் 1984இல் சொன்னது. 2020 ஒக்டோபரில் கடற்கரையின் ஒரு பகுதியை வட சைப்பிரஸ் நிர்வாகம் திறந்துவிட்டது. இப்போது யாரும் அங்கே போய்க் கடலில் குளிக்கலாம், வாடகைச் சைக்கிள் ஓடலாம். வீட்டுக்காரரும் தங்கட தெருவில் நடக்கலாம். ஆனால் தங்கட வீட்டில் போய்க் குடியிருக்கேலாது.

அதனால், மூடிக்கிடந்த கடற்கரை ஒன்று திறக்கப்பட்டது எண்டு செய்தி வந்தால் நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: பார்க்க வாற ஆக்களுக்கா, அங்கே இருந்த ஆக்களுக்கா?