அறுத்தெடுத்த வண்டி

ஜான் ஸ்டைன்பெக்கின் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ (1939) நாவலை முதன்முறை வாசித்தபோது பதினாறாம் அத்தியாயத்தில் சில பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட்டேன். கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போகும் வழியில் ஒரு பழைய டாட்ஜ் காரின் கனெக்டிங் ராட் பேரிங் போய்விடுகிறது. சகோதரர்கள் இருவர் அடியில் படுத்து அதைக் கழற்றுகிறார்கள். பழைய இரும்புக் கிடங்கில் வேறொன்று தேடுகிறார்கள். நட்டுக்கும் போல்ட்டுக்கும் இத்தனை பக்கங்களா என்று தோன்றியது. பிக்கப் வண்டிகளின் வரலாற்றைச் சிறிது அறிந்த பிறகே அவற்றுக்குத் திரும்பினேன்.

ஜோட் குடும்பத்தின் வண்டியும் தொழிற்சாலையில் பிறந்த லாரி அல்ல. ஹட்சன் சூப்பர் சிக்ஸ் என்ற பழைய காரின் கூரையை உளியால் பிளந்து, பின்பாதியில் சரக்குத் தட்டைப் பொருத்தியது. இது நாவலாசிரியரின் விநோதக் கற்பனையன்று. ஃபோர்டு நிறுவனம் தன் டி மாடலில் பிக்கப் தொட்டி வைத்து 281 டாலருக்கு விற்கத் தொடங்கியது 1925இல்தான். அதற்கு வெகு முன்னரே அமெரிக்க விவசாயிகள் காரின் பின்பகுதியைக் கழற்றிப் பெட்டி கட்டிக்கொண்டார்கள்; பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பட்டை மாட்டி, விறகு அறுக்கவும் துணி துவைக்கவும் அதே என்ஜினைப் பயன்படுத்தினார்கள். ரொனால்ட் க்ளைன், ட்ரெவர் பின்ச் இருவரும் 1996இல் எழுதிய கட்டுரை, காரின் வடிவத்தைப் பயனர்களும் தீர்மானித்தார்கள் என்று இதைக்கொண்டே வாதிடுகிறது.

டி மாடலுக்கு முன்னோக்கிச் செல்ல இரண்டே கியர்கள். பாரத்தோடு மேடேறத் திணறும். ஆகவே இரட்டை வேகம் கொண்ட ரக்ஸ்டெல் பின் அச்சை வாங்கிப் பூட்டினார்கள். அந்த வண்டிக்குக் கால் பிரேக் கியர் பெட்டிக்குள் இருந்தது. புதிய அச்சின் கியர் நடுவில் நழுவினால் அந்தப் பிரேக் சக்கரத்தை எட்டாது. எனவே பின்சக்கரங்களுக்குத் தனிப் பிரேக்கும் வாங்க வேண்டியதாயிற்று. பழைய வண்டியை மேம்படுத்தத் தொடங்கியவர் எவருக்கும் இந்தச் சங்கிலி பரிச்சயமானதே.

பேரிங்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அக்காலத்து என்ஜின்களில் அது தனி உதிரிபாகமாக வரவில்லை. ஐசக் பாபிட் 1839இல் உருவாக்கிய மென்மையான ஈயநிற உலோகத்தை (பெரும்பகுதி வெள்ளீயம், உடன் செம்பும் ஆண்டிமனியும்) ராடிலேயே உருக்கி வார்த்து, கையால் சுரண்டிப் பொருத்துவார்கள். எண்ணெய் குறைந்தால் இந்த மென்மையான உலோகம் தான் அழிந்து கிராங்கைக் காக்கும். தேய்மானம் ஏற்பட்டதும் என்ஜின் தட்டத் தொடங்கும். இரு அரைவட்டங்களுக்கு நடுவிலுள்ள மெல்லிய பித்தளைத் தகடுகளில் ஒன்றை உருவிவிட்டு இறுக்கினால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். உருவுவதற்குத் தகடு இல்லாதபோது மறுபடி வார்க்க வேண்டும், அல்லது இரும்புக் கிடங்குதான்.

நாவலில் பிஸ்டனை உள்ளே இறக்கும்போது வளையங்கள் விரிந்துகொள்ளாமலிருக்க மெல்லிய பித்தளைக் கம்பியைச் சுற்றுகிறார்கள். கருவி வாங்க வழியில்லாதவர்களின் உத்தி. 1936இல் கலிபோர்னியாவின் அகதி முகாம்களைச் சுற்றிவந்து செய்தித்தாளுக்கு எழுதிய மனிதரால்தான் இப்படி எழுத முடியும்.

பழுது ஏற்பட்ட உடனே எழும் கேள்வி பேரிங்கைப் பற்றியதன்று. டாமும் பாதிரியாரும் பின்தங்கிப் பழுது பார்க்கட்டும், மற்றவர்கள் முன்னே போகட்டும் என்று யோசனை வருகிறது. அம்மா ஜாக்கிக் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மறுக்கிறாள். நிலம் போயிற்று, வீடு போயிற்று. பிரிந்தால் குடும்பமும் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். அந்தத் தேய்ந்த உலோகத்தின்மீது எவ்வளவு பாரம் இருந்தது என்பதை நான் முதல் வாசிப்பில் தவறவிட்டிருந்தேன்.

வார்க்கும் பேரிங் அத்துடன் ஒழிந்துவிடவில்லை. செவ்ரலே தன் 216 என்ஜினில் 1950களின் தொடக்கம்வரை அதையே வைத்திருந்தது. 1947க்குப் பிந்தைய அந்த வட்டமுகப் பிக்கப்புகளை இன்று ஓட்டுகிறவர்களில் பலர், எண்ணெயை முழு அழுத்தத்தில் செலுத்தும் 1954க்குப் பிந்தைய 235 என்ஜினைப் பொருத்திக்கொள்கிறார்கள். கூடவே 6 வோல்ட் மின்சாரத்தை 12 ஆக்குகிறார்கள். வண்டியின் அசல்தன்மை போயிற்று என்று ஒரு சாரார் வருந்துவதுண்டு. ஹட்சனை உளியால் பிளந்தவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.