புள்ளி, இடைவெளி மாறினால் புதுப் பெயர் ஆகிவிடுமா? கம்பெனி பெயர் விதி சொல்வது என்ன?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் ஊர் அடி அண்ணாமலை. ஆங்கிலத்தில் இதைச் சேர்த்தும் எழுதுகிறார்கள், பிரித்தும் எழுதுகிறார்கள். 'அடி', 'ஆதி' ரெண்டுக்குமே ஏ, டி, ஐ என்ற மூணு எழுத்துதான். இந்த ஊர்ப் பெயரில் ஒருவர் பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கினால் என்ன கவனிக்கணும்?

பெயர் கிடைக்குமா?

இடைவெளி, புள்ளி, சிறிய எழுத்து, பெரிய எழுத்து, ஒருமை, பன்மை மட்டும் மாறினால் அது வேறு பெயர் ஆகாது என்கிறது 2014 கம்பெனி பதிவு விதிகளின் 8-வது விதி. ஒலி ஒன்றாக இருந்து ஸ்பெல்லிங் மட்டும் மாறினாலும் அப்படித்தான். 'திரு'வில் ஒரு 'எச்' சேர்த்தால் போதும் என்று நினைத்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

பதிவான பிறகு?

லோகோவில் எழுத்தை எப்படி வேண்டுமானாலும் அழகுபடுத்தலாம். ஆனால் பில், லெட்டர்ஹெட்டில் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயர் இருக்கணும். அலுவலகப் பெயர்ப் பலகையில் உள்ளூர் மொழியிலும் எழுதணும். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 12-வது பிரிவை மீறினால் நாளுக்கு 1,000 ரூபாய், அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய் அபராதம்.

ஊர் ஸ்பெல்லிங் மாறினால்?

2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றும் அரசாணையைத் தமிழக அரசு வெளியிட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றது. அந்த மாற்றம் நிலைத்திருந்தாலும் கம்பெனி பெயர் தானாக மாறியிருக்காது. அதற்குச் சிறப்புத் தீர்மானம், அரசு ஒப்புதல், புதுச் சான்றிதழ் வேண்டும். அதனால் ஸ்பெல்லிங்கை முதலிலேயே முடிவு செய்வதுதான் நல்லது.