ஃபீனிக்ஸில் ஒரு மனநல நிலையமும் அதன் காகிதங்களும்

1885-ல் அரிசோனா மாநிலமாக ஆகவில்லை, அமெரிக்காவின் ஒரு பிரதேசமாகத்தான் இருந்தது. அந்த வருடம் கூடிய பதின்மூன்றாவது சட்டசபை, ஊர்களுக்குள் பங்கு பிரித்தது. தலைநகரம் பிரெஸ்காட்டிலேயே இருக்கட்டும் என்றார்கள். ஃபீனிக்ஸுக்கு மனநோயாளிகள் காப்பகம், 1,00,000 டாலர். டூசானுக்குப் பல்கலைக்கழகம், 25,000 டாலர். டூசான்காரர்களுக்குக் கோபமான கோபம். தலைநகரமும் வரவில்லை, பெரிய பணமும் வரவில்லை! நம் சென்னையில் கீழ்ப்பாக்கம் என்று சொன்னாலே கேலியாகப் பார்ப்பார்கள். இங்கே ஓர் ஊர் அதைப் பரிசாக வாங்கிக்கொண்டது. 1887-ல் காப்பகம் திறந்தது. அரிசோனாவில் மனநல சிகிச்சைக்கும் அரசுப் பணத்துக்கும் உள்ள உறவு அன்றிலிருந்தே இப்படித்தான்.

இந்தப் பழங்கதை எனக்கு எதற்கு என்று கேட்பீர்கள். என் மகள் ஃபீனிக்ஸில் மனநல ஆலோசகர். சில வருடங்களுக்கு முன் ஒரு தோழியுடன் சேர்ந்து சிறிய புறநோயாளர் நிலையம் தொடங்கினாள். வருகிறவர்களில் பெரும்பாலோர் மெடிக்கெய்ட் வைத்திருப்பவர்கள். மெடிக்கெய்ட் என்பது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. மத்திய அரசும் மாநிலமும் செலவைப் பகிர்ந்துகொள்ளும். நானோ தணிக்கைத் துறையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். "அப்பா, இந்தக் காகிதங்களை மட்டும் ஒழுங்கு பண்ணிக் கொடுங்கள்" என்றாள். ஒவ்வொரு காகிதத்தையும் பார்த்து "இது எதற்கு?" என்று கேட்பது என் தொழில் புத்தி. பதில்கள் சரித்திரத்தில் கிடைத்தன.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் வேறு, பணம் பெறும் உரிமை வேறு. மாநிலச் சுகாதாரத் துறை தரும் லைசென்ஸ் இருந்தால் கதவைத் திறக்கலாம். மெடிக்கெய்டிடம் பில் போட, அந்தத் திட்டத்தில் தனியாகப் பதிய வேண்டும். அதற்கும் மேல், திட்டத்தை நடத்தும் காப்பீட்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட வேண்டும். மூன்று வாசல்கள்.

ஏன் மூன்று? மெடிக்கெய்ட் சட்டம் 1965-ல் வந்தது. அதில் கடைசியாகச் சேர்ந்த மாநிலம் அரிசோனா, 1982-ல். அதுவரை ஏழைகளின் வைத்தியச் செலவைக் கவுண்டிகள் சுமந்தன. சேரும்போது அரிசோனா புது வழி பிடித்தது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் அரசு நேரடியாகப் பணம் தராமல், தலைக்கு இவ்வளவு என்று நிறுவனங்களிடம் முன்பணமாகக் கொடுத்துவிடும். மாநிலம் முழுவதும் அப்படி நடத்திய முதல் மாநிலம் இதுதான். திட்டத்தின் பெயர்ச் சுருக்கத்தை 'ஆக்ஸஸ்' என்று உச்சரிக்கிறார்கள். ஆரம்பத்தில் அதில் மனநல சிகிச்சை கிடையாது. 1990 முதல்தான் படிப்படியாகச் சேர்த்தார்கள்.

அடுத்து, நோயாளியின் உரிமைகள் பற்றிய தடித்த கோப்பு. அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகளில் 1955-ல் 5.5 லட்சம் பேருக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களை வெளியே கொண்டுவந்து ஊருக்குள்ளேயே சிகிச்சை தர வேண்டும் என்று 1963 அக்டோபர் 31-ல் கென்னடி ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மூன்று வாரத்தில் சுடப்பட்டார். மருத்துவமனைகள் காலியாயின. ஊருக்குள் வர வேண்டிய நிலையங்களோ போதிய அளவு வரவில்லை. அரிசோனாவில் இது 1981-ல் வழக்காக வெடித்தது. 'ஆர்னால்டு எதிர் சார்ன்' என்று பெயர். தீவிர மனநோய் உள்ளவர்களுக்கு ஊருக்குள் சிகிச்சை தரச் சட்டம் இருக்கிறது, மாநிலமும் மரிகோபா கவுண்டியும் தரவில்லை என்பது வாதம். 1989-ல் மாநில உச்ச நீதிமன்றம் நோயாளிகள் பக்கம் நின்றது. இறுதி உடன்பாடு வந்தது 2014-ல். 33 வருடம்! அந்தக் கோப்பை அதன் பிறகு நான் அலட்சியமாகப் புரட்டவில்லை.

படுக்கை வைத்த விடுதி ஒன்றும் தொடங்கலாமா என்று மகள் யோசித்தபோது '16 படுக்கை' என்ற எண் குறுக்கே வந்தது. மனநல மருத்துவமனைகளை நடத்துவது மாநிலங்களின் பொறுப்பு, அந்தச் செலவை மத்திய அரசு ஏற்காது என்று 1965-லேயே விலக்கு வைத்தார்கள். 16 படுக்கைக்கு மேல் உள்ள மனநோய் நிலையத்தில் 21 முதல் 64 வயது வரை உள்ளவர்கள் தங்கினால், பொதுவாக மெடிக்கெய்ட் பணம் வராது. அந்த 16 என்ற எண் 1988-ல் சட்டத்தில் ஏறியது. இங்கே விடுதிகள் சின்னச் சின்ன வீடுகளாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கடைசியாகக் கைரேகையும் நேரடி ஆய்வும். இது எல்லாவற்றிலும் வேதனையான கதை. 2023 மே 16 அன்று மாநில ஆளுநரும் அட்டர்னி ஜெனரலும் ஒரு மோசடியை வெளியிட்டார்கள். நவஹோ முதலான பழங்குடி மக்களை வேனில் ஏற்றி ஃபீனிக்ஸுக்குக் கொண்டுவந்து, சாப்பாடு, தங்குமிடம், குடியிலிருந்து மீள சிகிச்சை என்று ஆசை காட்டி வீடுகளில் வைத்தார்கள். பல இடங்களில் சிகிச்சையே நடக்கவில்லை. பில் மட்டும் ஓடியது. பழங்குடியினருக்கான மெடிக்கெய்ட் பிரிவில் பணம் நிறுவனங்கள் வழியாகப் போகாமல் நேரடியாகப் போனது. சில சேவைகளுக்கு உச்சவரம்பே இல்லை, கேட்ட தொகையில் ஒரு குறிப்பிட்ட பங்கு கிடைத்தது. இழப்பு 200 கோடி டாலருக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களுக்குப் பணம் நிறுத்தப்பட்டது. புதிய நிலையங்களைப் பதிவதையும் நிறுத்தி வைத்தார்கள். வீடுகள் மூடப்பட, ஊர் திரும்ப வழி தெரியாமல் பலர் தெருவில் நின்றார்கள். தங்கள் மக்களைத் தேடி அழைத்துப்போக நவஹோ அரசே ஆட்களை அனுப்பியது.

தணிக்கைக்காரனாக எனக்கு உறுத்துவது இதுதான். பில் போட்ட ஒவ்வொரு நிலையத்துக்கும் பதிவெண் இருந்தது. காகிதம் இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் எல்லாம் சரி. "உனக்குச் சிகிச்சை நடந்ததா?" என்று நோயாளியிடம் கேட்க மட்டும் ஆள் இல்லை. ஒவ்வொரு மோசடிக்கும் பிறகு காகிதம் ஒன்று கூடுகிறது, அந்தக் கேள்வி கூடுவதில்லை.

மகளிடம் ஒரு வழக்கத்தைச் சொன்னேன், செய்கிறாள். மாதக் கடைசியில் பில் பட்டியலிலிருந்து பத்துப் பெயரை எடுத்து, சிகிச்சை தந்தவர் அல்லாத வேறொருவர் அவர்களுக்குப் போன் செய்து கேட்க வேண்டும்: வந்தீர்களா, எவ்வளவு நேரம் இருந்தீர்கள், உதவியாக இருந்ததா? எந்தச் சட்டமும் இதைக் கேட்கவில்லை. ஆறு மாதச் சம்பளமும் வாடகையும் கையில் இல்லாமல் தொடங்காதே என்பது இன்னொன்று. முதல் பணம் வரத் தாமதமாகும், அந்த இடைவெளியில்தான் நல்லவர்களுக்கும் கை தடுமாறும்.

இந்தத் துறையில் இறங்க நினைக்கும் நம் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். இறங்கட்டும், ஆள் போதாத துறை இது. பத்துப் பேருக்குப் போன் செய்யும் வழக்கத்தை முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள்.