கண்ணாடியில் ஆள் தெரியக் கூடாது

வீட்டை விற்பதற்காகக் குளியலறையைப் படம் எடுப்பவர்களிடம் சில நடைமுறை விதிகள் உண்டு. கமோடின் மூடி இறக்கியிருக்க வேண்டும். பல்துலக்கும் பிரஷ், பாதி தீர்ந்த ஷாம்பு, சவரக் கத்தி, மாத்திரை அட்டை, நாப்கின் பாக்கெட் எதுவும் கண்ணில் படக் கூடாது. தரை துடைக்கும் மாப், கழுவும் பிரஷ், குப்பைக்கூடை எல்லாம் கதவுக்கு வெளியே போய்விட வேண்டும். யாரும் துடைத்துக்கொள்ளாத வெள்ளைத் துண்டு ஒன்று மடித்துத் தொங்க வேண்டும். எல்லா விளக்குகளும் எரிய வேண்டும். கேமரா நெஞ்சுக்குச் சற்றுக் கீழே, மட்டம் பார்த்து நிற்க வேண்டும். மேலோ கீழோ சாய்த்தால் சுவர்கள் சரிந்து தெரியும். கடைசி விதியில்தான் பலரும் தடுமாறுவார்கள்: கண்ணாடியில் படம் எடுப்பவர் தெரியக் கூடாது. ஓரமாக ஒதுங்கி நின்றோ, கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி டைமர் போட்டுவிட்டு வெளியே நழுவியோ, பிறகு கம்ப்யூட்டரில் அழித்தோ அவர் தன்னை நீக்கிக்கொள்வார்.

தொழில் நுணுக்கமாக மட்டும் பார்த்தால் இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எவற்றை அகற்றச் சொல்கிறார்கள் என்று வரிசையாகப் படித்துப் பார்த்தால், அவை பெரும்பாலும் இரண்டே வகையில் அடங்கிவிடுகின்றன. ஒன்று, உடல் அங்கே இருந்ததற்கான தடயம். மற்றது, அந்த உடல்கள் விட்டுச் சென்றதை யாரோ கழுவியதற்கான தடயம். இரண்டாவதைச் செய்தவர் யார் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தப் பார்வை எப்படி உருவானது என்று தேடினால் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. தொட்டி, பேசின், கழிப்பறை மூன்றையும் ஒரே சிறிய அறைக்குள் வைத்து, அதை நடுத்தர வர்க்க வீட்டின் தகுதிச் சான்றாக ஆக்கி, உலகத்துக்கெல்லாம் விளம்பரப்படுத்திய நாடு அது.

1883இல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜான் மைக்கேல் கோலர் என்ற வார்ப்பிரும்புத் தொழிலதிபர், பன்றியைச் சுடுநீரில் முக்குவதற்கும் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவதற்கும் தயாரித்த தொட்டிக்கு எனாமல் பூசி, நான்கு கால்கள் வைத்தால் மனிதர் குளிக்கவும் உதவும் என்று விற்கத் தொடங்கினார். அப்போது பெரும்பாலான வீடுகளில் குளியல் என்பது சமையலறை அடுப்பருகே இழுத்துப் போட்ட தகரத் தொட்டியில்தான். தண்ணீர் சுமந்ததும் காய்ச்சியதும் பெண்கள். அடுத்த முப்பது ஆண்டுகளில் குழாய் வீட்டுக்குள் வந்தது, நோய்க்குக் கிருமியே காரணம் என்ற அறிவு மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு இறங்கியது, குளியலறை மரச்சட்டங்களையும் கம்பளங்களையும் உதறிவிட்டு வெள்ளை டைல்ஸுக்கு மாறியது. வெள்ளைதான் அழுக்கைக் காட்டிக்கொடுக்கும் என்பதற்காகவே வெள்ளை. கால் வைத்த தொட்டிக்கு அடியில் கை நுழைத்துத் துடைக்க வேண்டியிருந்தது. 1911இல் கோலர் நிறுவனம் சுவரோடும் தரையோடும் பொருந்தும் ஒரே வார்ப்புத் தொட்டியைக் கொண்டுவந்தது. அந்த மாற்றம் முழங்கால் போட்டுத் துடைத்தவர்களுக்கு உண்மையிலேயே ஒரு விடுதலைதான். அதை மறுக்கக் கூடாது.

ஆனால் வேலை குறையவில்லை. வீட்டு வேலையின் வரலாற்றை எழுதிய ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1920களின் பெண்கள் பத்திரிகை விளம்பரங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றைக் கவனிக்கிறார்: பேசினைத் தேய்ப்பது அதுவரை வெறும் வேலையாக இருந்தது, இப்போது அது தாய்மையின் கடமை, குடும்பத்தை நோயிலிருந்து காக்கும் அன்பு. தேய்க்காமல் விட்டால் குற்றவுணர்வு. 1974இல் ஜோன் வானெக் வெளியிட்ட ஆய்வின்படி, வெளி வேலைக்குப் போகாத அமெரிக்க இல்லத்தரசி 1920களில் வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தாள். குழாயும் வெந்நீரும் சலவை இயந்திரமும் வந்துவிட்ட 1960களில் 55 மணி நேரம். கருவி வந்ததும் சுத்தத்தின் அளவுகோலும் உயர்ந்துவிட்டது. வாரம் ஒரு முறை குளித்த குடும்பம் தினமும் குளிக்கத் தொடங்கியது. தினமும் ஈரமான அறையைத் தினமும் துடைக்க வேண்டும்.

1920களின் இறுதியில் குளியலறை இன்னொரு திருப்பம் கண்டது. வெள்ளைக்குப் பதில் பச்சை, ஊதா, கறுப்பு என்று நிறங்களில் தொட்டிகள் வந்தன. 1929இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடந்த கலைத்தொழில் கண்காட்சியில், கட்டடக்கலைஞர் ஈலி ஜாக் கான் வடிவமைத்த ஒரு குளியல் அறையும் ஒப்பனை அறையும் இடம்பெற்றன. பன்றித் தொட்டி நாற்பத்தாறு ஆண்டுகளில் அருங்காட்சியகத்துக்குள் வந்துவிட்டது! பார்த்து ரசிக்கும் பொருளாகக் குளியலறை ஆனது இந்தக் காலத்தில்தான். வீட்டுத் தரகரின் படம் அப்போது இன்னும் வெகுதூரத்தில் இருந்தது. செய்தித்தாளில் வீட்டு விளம்பரம் என்றால் சில வரிகள், பிற்காலத்துத் தரகர் பட்டியல் புத்தகங்களில் வீட்டின் முகப்புப் படம் ஒன்று. உள்ளறைகள் வரிசையாகப் படமானது இணையத்தில்தான். அமெரிக்காவில் ஸில்லோ தளம் தொடங்கியது 2006இல். ஆக, இந்தப் படங்களுக்கு வயது குறைவு. பார்க்கும் கண் மட்டும் பழையது.

அந்த அறை எவ்வளவு சிறியது என்பதையும் சொல்ல வேண்டும். குழாய்கள் எல்லாம் ஒரே சுவரில் ஓடினால் செலவு மிச்சம் என்பதால் தொட்டி, கமோடு, பேசின் மூன்றும் ஒரே வரிசையில் வந்தன. ஐந்துக்கு எட்டு அடி என்ற அளவு அமெரிக்க வீடுகளில் ஏறத்தாழ வழக்கமாகிவிட்டது. நாற்பது சதுர அடி. படம் எடுப்பவர் உள்ளே நின்றால் எதுவும் அடங்காது. கதவு நிலையில் முதுகை ஒட்டி நிற்பார், வைட் ஆங்கிள் லென்ஸ் போடுவார். அந்த லென்ஸ் அருகில் இருப்பதை இழுத்துப் பெரிதாக்கும், தூரத்தில் இருப்பதைப் பின்னுக்குத் தள்ளும். ஐந்தடித் தொட்டி ஆறடியாய் நீளும். கமோடுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு நாற்காலி போடலாம் போலத் தோன்றும். நேரில் வந்து பார்ப்பவருக்கு முழங்கால் இடிக்கும். கைக்குழந்தையைக் குனிந்து குளிப்பாட்டும்போது முதுகு எங்கே போகும் என்பதை அந்தப் படத்திலிருந்து கணிக்கவே முடியாது. நல்ல படக்காரர்கள் லென்ஸை அளவோடு பயன்படுத்துவார்கள், எதிர்ச்சுவரில் கண்ணாடி இருந்தால் அறையின் உண்மையான ஆழம் தெரியும்படி நிற்பார்கள். அவர்களுக்கு மரியாதை.

கமோடின் மூடிக்கு வருவோம். 1957இல் ஒளிபரப்பான ‘லீவ் இட் டு பீவர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், சிறுவர்கள் ஒரு முதலைக் குட்டியைக் கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளித்து வளர்க்கும் கதை வந்தது. தணிக்கைப் பிரச்சினையால் கமோடைக் காட்ட முடியவில்லை; மேலிருக்கும் தொட்டி மட்டும் திரையில் தெரிந்தது. மூன்று ஆண்டு கழித்து ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வில் காகிதத் துண்டு கமோடில் சுழன்று போவதைக் காட்டியது அந்நாட்டுச் சினிமாவில் பெரிய துணிச்சலாகப் பேசப்பட்டது. அதே படத்தில் சில நிமிடங்களில் ஒரு பெண் குளிக்கும்போது கத்தியால் குத்திக் கொல்லப்படுகிறாள். அதைப் பார்க்கலாம், கமோடைப் பார்க்கக் கூடாது என்ற கூச்சத்தை என்னவென்று சொல்வது! மூடியை இறக்கு, முடிந்தால் கமோடே வராத கோணம் பிடி என்று இன்றைய படக்காரர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை இந்தக் கூச்சத்தின் வாரிசு.

கமோடை நேருக்கு நேராகப் பார்த்தவர்களும் இருந்தார்கள். எட்வர்ட் வெஸ்டன் 1925இல் மெக்சிகோவில் தான் வசித்த வீட்டின் கழிப்பறைப் பீங்கானைப் பல நாட்கள் முயன்று படமெடுத்தார். அதன் வளைவுகளில் மனித உடலின் எழிலையும் கிரேக்க வெற்றித் தேவதையின் சிலையையும் கண்டதாக நாட்குறிப்பில் எழுதினார். வீட்டு வேலைக்காரப் பெண்கள் இருவரும் தன்னைப் பைத்தியம் என்றே நினைத்ததாகவும் அதில் ஒரு குறிப்பு உண்டு. எனக்கு அந்தப் படம் பிடிக்கும். அந்த இரு பெண்களின் கருத்தும் பிடிக்கும். இன்னொரு படம் 1945 ஏப்ரல் 30இல் எடுக்கப்பட்டது. போர்ச் செய்திப் படக்காரர் லீ மில்லர், மியூனிக்கில் ஹிட்லரின் வீட்டுக் குளியல் தொட்டியில் அமர்ந்திருக்கிறார். எடுத்தவர் சக படக்காரர் டேவிட் ஷெர்மன். தொட்டிக்குக் கீழே வெள்ளை விரிப்பில் மில்லரின் சேறு படிந்த பூட்ஸ். டாஹாவ் வதைமுகாமிலிருந்து வந்த கால்கள் அவை. இன்றைய விற்பனைப் படத்துக்கு அந்த அறையைத் தயார் செய்பவர் முதலில் அந்தப் பூட்ஸைத்தான் எடுத்து வெளியே வைப்பார்.

வீட்டு உள்ளறைகளைப் படமெடுக்கும் தொழிலுக்குப் பெண்கள் புதியவர்கள் அல்ல. வாஷிங்டனில் ஸ்டுடியோ நடத்திய ஃபிரான்சஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டன், 1897இல் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ இதழில், கேமராவை வைத்துக்கொண்டு ஒரு பெண் எப்படிப் பிழைக்கலாம் என்று கட்டுரையே எழுதினார். பொழுதுபோக்காக அல்ல, கணக்கு வழக்குள்ள தொழிலாகச் செய்யுங்கள் என்பது அதன் சாரம். பிறகு மேட்டி எட்வர்ட்ஸ் ஹியூவிட்டுடன் சேர்ந்து 1913 முதல் 1917 வரை நியூயார்க்கில் செல்வந்தர்களின் வீடுகளையும் தோட்டங்களையும் படமெடுக்கும் நிறுவனத்தை நடத்தினார். கனத்த கேமரா, கண்ணாடித் தகடு, முக்காலி எல்லாவற்றோடும் நீளப் பாவாடையோடும் மாடி ஏறி இறங்கிய பெண்கள் அவர்கள்.

வீடு விற்கும் தொழிலில் நுழைவது அதைவிடக் கடினமாக இருந்தது. பல ஊர்த் தரகர் சங்கங்கள் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1938இல்தான் தேசியச் சங்கத்துக்குள் பெண்களுக்கென்று ஒரு கவுன்சில் உருவானது. இன்று அமெரிக்கத் தரகர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். விற்பனைக்கு வரும் வீட்டை மேடைபோல அலங்கரித்துக் காட்டும் ‘ஸ்டேஜிங்’ என்ற தொழிலைத் தொடங்கியவராக அறியப்படுபவரும் பெண்தான். நாடகப் பின்னணி கொண்ட பார்ப் ஷ்வார்ட்ஸ் 1972இல் சியாட்டில் வட்டாரத்தில் இதைத் தொடங்கியதாகச் சொல்கிறார். வீட்டை ஒழுங்குபடுத்துவது, எதை எங்கே வைத்தால் கண்ணுக்கு இதம் என்று தெரிந்திருப்பது, விருந்தாளி வருமுன் பாத்ரூமை ஒரு நோட்டம் விடுவது எல்லாம் கூலியில்லாமல் பெண்கள் பழகிய அறிவு. அதற்கு விலை கேட்டது சாமர்த்தியம். ஆனால் விலைக்குப் போகும் அந்த அறிவின் முதல் கட்டளை, இங்கே வாழ்ந்த பெண்ணின் அடையாளத்தை அழி என்பதாக இருக்கிறதே, அந்த முரணை எப்படி விழுங்குவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பளபளக்கும் விளம்பரக் குளியலறைகளின் காலத்திலேயே இன்னொரு கணக்கும் எடுக்கப்பட்டது. 1940இல் அமெரிக்கா முதன்முறையாக வீடுகளைக் கணக்கெடுத்தது. ஏறத்தாழ 45 சதவீத வீடுகளில் குழாய்த் தண்ணீர், தொட்டி அல்லது ஷவர், ஃப்ளஷ் கழிப்பறை என்ற முழு வசதி கிடையாது. கிராமப்புறத் தென் மாநிலங்களின் கறுப்பினக் குடும்பங்களில் நிலைமை இன்னும் மோசம். 1924 முதல் தரகர் சங்கத்தின் நெறிமுறைகளிலேயே, சொத்து மதிப்பைக் குறைக்கும் இனத்தவரை ஒரு வட்டாரத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்ற விதி இருந்தது. அந்த வட்டாரங்களின் குளியலறைகளைத் தேய்க்கக் கறுப்பினப் பெண்கள் தினமும் போனார்கள். தேய்த்த கழிப்பறையை அவர்கள் பயன்படுத்தக் கூடாது. பல வீடுகளில் நிலவறையிலோ பின்கட்டிலோ அவர்களுக்கென்று தனி இடம்.

இங்கே வந்து நின்றால், சென்னை அடுக்குமாடி விளம்பரங்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. மலத்தைக் கையால் அள்ளுபவர் வீட்டுக்குள் வராமல் போகவென்று கொல்லைப்புறச் சந்து வைத்துக் கட்டிய தெருக்கள் நம்மிடம் இருந்தன. உலர் கழிப்பிடங்களைத் தடை செய்ய 1993இலும் 2013இலும் இரண்டு சட்டங்கள் தேவைப்பட்டன. கழிப்பறை இன்று படுக்கையறைக்குள் வந்துவிட்டது. அட்டாச்சுடு பாத்ரூம் எத்தனை என்பதுதான் விளம்பரத்தின் முதல் வரி. படங்களும் அதே விதிப்படிதான்: வாளி இல்லை, மக் இல்லை, பினாயில் பாட்டில் இல்லை, கொடியில் காயும் உள்பாவாடை இல்லை. வாடகைக்கு வீடு தேடும் பெண்களுக்கு வேண்டியவை வேறு. கதவுத் தாழ்ப்பாள் உள்ளிருந்து சரியாக விழுகிறதா, வென்டிலேட்டர் யார் வீட்டு ஜன்னலைப் பார்த்திருக்கிறது, தரையின் சரிவு எந்தப் பக்கம், மாதவிடாய்த் துணியோ நாப்கினோ வைக்க ஓர் அலமாரி உண்டா, வயதான மாமியார் பிடித்து எழக் கம்பி இருக்கிறதா. இவற்றைத் தனித்தனியாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லித் தரகரிடம் கேட்கலாம். கைப்பேசியில் ஐந்து நிமிட வேலை.

பெரிய குடியிருப்புகளின் விளம்பரத்தில், வசதிகளின் பட்டியல் கடைசியில், வேலைக்காரர்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டு என்று ஒரு வரி வரும். நீச்சல்குளத்துக்கு நான்கு படம் போட்டிருப்பார்கள். இதற்கு ஒன்றும் இருக்காது. நான் பார்த்தவை தரைத்தளத்தில், கார் நிறுத்துமிடத்தின் மூலையில், ஜெனரேட்டர் அறையை ஒட்டி இருந்தன. எட்டாவது மாடியில் படம் எடுப்பதற்காகப் பாத்ரூமைக் காலையில் தேய்த்துவிட்டு, பக்கெட்டையும் பிரஷ்ஷையும் தூக்கிக்கொண்டு வெளியேறும் அம்மா, போக வேண்டியிருந்தால் லிஃப்டில் அங்கேதான் இறங்கிப் போக வேண்டும்.