பாரமவுண்ட் ரெக்கார்ட்ஸ்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1917 முதல் 1930களின் முற்பகுதி வரை இயங்கிய இசைத்தட்டு நிறுவனம். இதே பெயருள்ள திரைப்பட நிறுவனத்துடன் தொடர்பற்றது. போர்ட் வாஷிங்டனில் நாற்காலி செய்துவந்த விஸ்கான்சின் சேர் கம்பெனி, கிராமபோன்களுக்கு மரப்பெட்டி செய்யப்போய், பெட்டியை விற்கத் தட்டும் வேண்டும் என்று இத்தொழிலில் இறங்கியது. அருகிலுள்ள கிராஃப்டன் சிற்றூரில், மில்வாக்கி ஆற்றங்கரை ஆலையில் தட்டுகள் தயாராயின. தொடக்க ஆண்டுகளின் வெளியீடுகளில் குறிப்பிடத்தக்கவை குறைவு.

1922இல் கறுப்பின மக்களுக்கென 12000 எண்வரிசைத் தட்டுகள் வெளிவரத் தொடங்கின. சிகாகோவிலிருந்து மேயோ வில்லியம்ஸ் பாடகர்களைத் தேர்ந்தெடுத்தார். 1923இல் ப்ளூஸ் பாடகி மா ரெய்னி வந்தார். 1926இல் டெக்சாஸ் மாநிலத்தவரான பிளைண்ட் லெமன் ஜெஃபர்சனின் தட்டுகள் வெளிவந்து நன்றாக விற்றன. அதுவரை பாடகிகளின் ஆட்சியாக இருந்த ப்ளூஸ் சந்தையில், ஒற்றைக் கிதாருடன் தனியே பாடும் ஆண்களுக்கும் இடம் கிடைத்தது. 'சிகாகோ டிஃபெண்டர்' என்ற கறுப்பின இதழில் விளம்பரம் செய்து, தென்மாநிலங்களுக்குத் தபாலிலும் தட்டுகள் அனுப்பினர். ஜெஃபர்சனின் 'பிறந்தநாள் தட்டு' ஒன்றுக்கு, அவர் பெயருக்கேற்ப, எலுமிச்சை மஞ்சளில் வட்டச்சீட்டு ஒட்டி அதில் அவர் படத்தையும் அச்சிட்டனர். 1929இல் ப்ளூஸ் பாடகர் சார்லி பேட்டனின் தட்டொன்று 'முகமூடி வீரர்' என்ற பொருள்தரும் பெயரில் வந்தது. பாடியவரைச் சரியாகச் சொன்னவருக்கு ஒரு தட்டு இலவசம்.

விளம்பரத்தில் காட்டிய அக்கறையைத் தயாரிப்பில் காட்டவில்லை. மட்டமான அரக்குக் கலவையால் புதுத் தட்டே கரகரத்தது.

1929இல் கிராஃப்டனிலேயே ஒலிப்பதிவுக்கூடம் அமைந்தது. மிசிசிப்பியிலிருந்து பேட்டன், சன் ஹவுஸ் முதலியோர் இங்கு வந்து பாடினர். 1931 பிப்ரவரியில் ஸ்கிப் ஜேம்ஸ் பதிவுசெய்த பாடல்கள் 26 என்பது அவரது நினைவு, கிடைத்திருப்பவை 18. பொருளாதாரப் பெருமந்தத்தில் அவை மிகச் சில படிகளே விற்றன.

1932உடன் ஒலிப்பதிவு நின்றது. ஆலை மூடப்பட்ட ஆண்டு குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. வேலையிழந்த தொழிலாளர்கள் தட்டுகளை ஆற்றில் வீசியெறிந்தனர் என்பது உள்ளூர்ச் செய்தி. பிற்காலத்தில் மூழ்கித் தேடியவர்களுக்கு எதுவும் அகப்படவில்லை. உலோக மூலத்தகடுகளில் பெரும்பகுதி பழைய இரும்பு விலைக்குப் போயிற்று என்பர். கோழிக்கூடு அடைக்கப் பயன்பட்டன என்றும் கூறுவர்.

1940களில் இசைத்தட்டுச் சேகரிப்பாளர் ஜான் ஸ்டைனர் பாரமவுண்ட் உரிமைகளைப் பெற்றார். 2013, 2014இல் தர்ட் மேன், ரெவனன்ட் இசைத்தட்டு நிறுவனங்கள் இணைந்து இரு மறுவெளியீட்டுத் தொகுப்புகளைக் கொண்டுவந்தன. முதலாவது ஓக் மரப்பெட்டியில் வந்தது.