திருப்புவதும் திரும்புவதும்: முன் அச்சை விடுவித்த வரலாறு

உப்பு வணிகர்கள் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்ற செய்தியைப் புறநானூற்றில் ஔவையாரின் பாடலொன்று நமக்குத் தருகிறது. மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்ற முன்னெச்சரிக்கையால் கட்டப்பட்ட அதற்குச் 'சேம அச்சு' என்று பெயர். வழி முழுவதும் அது வெறும் சுமை. ஓடும் அச்சு முறிந்த இடத்திலோ அதுவே வண்டி.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க உழவர்களும் மரம் வெட்டுவோரும் ஓட்டிய நாற்சக்கர இயக்கப் பிக்கப் வண்டிகளில் முன் அச்சின் நிலையும் ஏறக்குறைய இதுதான். ஆண்டின் பெரும்பகுதி வண்டியைத் தள்ளுவது பின் அச்சு. சேறோ பனியோ மணலோ குறுக்கிட்டால்தான் முன் அச்சுக்கு வேலை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கட்டிவைத்த மாற்று அச்சு அசையாமல் கிடக்கும். பிக்கப்பின் முன் அச்சோ சக்கரங்களோடு பிணைந்திருப்பதால் வேலையில்லாத போதும் சுழன்றுகொண்டே வரும். அதை ஓய்வில் வைப்பது எப்படி, வேண்டும்போது எழுப்புவது எப்படி, அந்த முடிவை எடுக்க வேண்டியது ஓட்டுநரின் கையா இயந்திரமா என்ற கேள்விகளுக்கு எழுபதாண்டுகளுக்கும் மேலாக விடை தேடப்பட்டு வருகிறது. இலக்கியம் வாசிக்கும் நமக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு பொறுப்பை மனிதன் தன் கையிலிருந்து கருவிக்கு மாற்றும்போது எதைப் பெறுகிறான், எதை இழக்கிறான் என்பதை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் சிறு பொருள் அரிது என்பதே நம் விடை.

ஏன் விடுவிக்க வேண்டும்?

எஞ்சினின் விசையைக் கியர்பெட்டிக்குப் பின்னால் உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் பெட்டி இரண்டாகப் பிரிக்கிறது. அங்கிருந்து ஒரு தண்டு பின் அச்சுக்கும் மற்றொன்று முன் அச்சுக்கும் போகின்றன. வண்டி வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வழியைக் கடக்கின்றன. இரு தண்டுகளும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருந்தால் இந்த வேறுபாட்டுக்கு இடமில்லை. டயர்கள் சற்று வழுக்கித்தான் கணக்கை நேர்செய்ய வேண்டும். சேற்றில் அது எளிதில் நடக்கும். காய்ந்த தார்ச்சாலையில் நடக்காது. டயர்கள் தேயும், தண்டுகள் முறுக்கேறும், ஸ்டியரிங் இறுகும். ஆகவே நல்ல சாலையில் முன் அச்சுக்குப் போகும் விசையை ஒரு நெம்புகோலால் துண்டித்துவிடுவார்கள்.

துண்டித்த பிறகும் தொல்லை முழுவதும் தீர்வதில்லை. எஞ்சின் சுழற்றாவிட்டாலும் சாலை சுழற்றும். உருளும் முன்சக்கரம் அச்சுத்தண்டையும், அது டிஃபரன்ஷியலின் பற்சக்கரங்களையும், அவை முன்பக்கத்து நீண்ட தண்டையும் சுழற்றுகின்றன. கெட்டியான எண்ணெய்க்குள் இத்தனை இரும்பும் வீணே சுழல்வதால் எரிபொருள் செலவாகிறது; பற்களும் பேரிங்குகளும் தேய்கின்றன; வேகத்தில் இரைச்சலும் அதிர்வும் கூடுகின்றன. இதைத் தவிர்க்க இரண்டு இடங்களில் பிணைப்பை அவிழ்க்கலாம். ஒன்று சக்கரத்தின் நடுவே, மாட்டுவண்டியில் நாம் குடம் என்று சொல்லும் ஹப்பில். மற்றொன்று அச்சின் இடைவழியில். இனி வரும் வரலாறு முழுவதும் இவ்விரண்டு இடங்களைச் சுற்றியே நடக்கிறது.

போர் விட்டுச்சென்ற வண்டிகள்

அமெரிக்கப் படைக்கென 1940இல் பாண்டம் நிறுவனம் ஜீப்பின் முதல் மாதிரியைச் செய்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வில்லீஸும் ஃபோர்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைக் கட்டின. அவற்றில் முன் அச்சு எப்போதும் சுழன்றது. போர்முனையில் அதைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் நேரமில்லை. போர் முடிந்ததும் படைக்கு மிஞ்சிய வண்டிகள் உழவர்களின் கைக்கு வந்தன. படைவண்டியின் வழிவந்த டாட்ஜ் பவர் வேகன் 1946இல் பொதுமக்களுக்கு விற்பனையானது. 1947இல் வில்லீஸின் நாற்சக்கர இயக்கப் பிக்கப் வந்தது. செவ்ரலே 1957இலும் ஃபோர்டு 1959இலும் தத்தம் ஆலையிலேயே இத்தகைய பிக்கப்புகளைச் செய்யத் தொடங்கின. அதுவரை வேறு நிறுவனங்கள் அவ்வண்டிகளை மாற்றிக் கட்டித் தந்துகொண்டிருந்தன.

வயலில் ஒருநாள் உழைத்த வண்டி மறுநாள் நெடுஞ்சாலையில் நகரத்துக்கும் ஓட வேண்டியிருந்தது. அங்கேதான் சுழலும் முன் அச்சு சுமையானது. ஜீப்பில் அச்சுத்தண்டின் முனையைச் சக்கரத்தோடு இணைக்கும் தகட்டை போல்ட்டுகளைக் கழற்றி எடுத்துவிட்டால் சக்கரம் தனியே உருளும், தண்டு ஓய்ந்துநிற்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஸ்பேனரோடு குனிவது யாரால் இயலும்?

சியாட்டில் நகரில் ஆர்தர் வார்ன் என்பவர் 1948இல் தொடங்கிய தொழில் இதற்கு விடை தந்தது. போரில் மிஞ்சிய ஜீப்புகளைச் சாலைக்கேற்றவையாக மாற்ற உதவிய அவருடைய பூட்டும் ஹப்புகள் அந்த நிறுவனத்தின் அடித்தளமாயின. இவ்வகை ஹப்பின் அமைப்பு எளியது. சக்கரத்தின் நடுவே ஒரு குமிழ். அதைத் திருப்பினால் உள்ளே பற்களுள்ள வளையம் ஒன்று நகர்ந்து தண்டையும் சக்கரத்தையும் ஒன்றாகக் கோக்கும். மறுபக்கம் திருப்பினால் வளையம் விலகிச் சக்கரம் விடுபடும். குமிழின் முகத்தில் 'லாக்', 'ஃப்ரீ' என்ற இரு சொற்கள். இரண்டு முன்சக்கரங்களுக்கும் இரண்டு குமிழ்கள். ஆகவே வண்டியை நிறுத்தி, இறங்கி, இருபுறமும் சென்று திருப்பவேண்டும்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். குமிழைப் பூட்டிவிட்டு நெம்புகோலைத் தொடாமல் இருந்தால், வண்டி பழைய ஜீப்பைப் போலத்தான் ஓடும். முன் அச்சு சும்மா சுழலும், கேடு ஒன்றுமில்லை. எனவே மோசமான வழி வருமுன்பே குமிழைப் பூட்டிக்கொண்டு, தேவைப்படும் நொடியில் உள்ளிருந்தபடி நெம்புகோலை இழுக்கலாம். முதல் பனி விழுந்ததும் பூட்டி, குளிர்காலம் கழிந்தபின் விடுவித்தவர்களும் உண்டு. மாறாக, குமிழைப் பூட்ட மறந்து நெம்புகோலை மட்டும் இழுத்தால் தண்டுகள் சுழலும், முன்சக்கரங்கள் அசையா. ஓட்டுநர் நாற்சக்கர இயக்கத்தில் இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார். பிறகு முழங்கால் சேற்றில் இறங்கி அந்தக் குமிழைத் தேடவேண்டியதுதான். கைமுறை ஹப் கேட்டது வலிமையை அன்று, முன்யோசனையை.

முடிவே வேண்டாம் என்ற காலம்

நாற்சக்கர வண்டிகள் பண்ணையைத் தாண்டி நகரக் குடும்பங்களுக்கும் பரவியபோது, இறங்கிக் குமிழ் திருப்புவது வாங்குவோருக்குக் குறையாகத் தெரிந்தது. 1973-74 ஆண்டுகளில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, டாட்ஜ் ஆகியவற்றின் பல மாதிரிகளில் நியூ புராசஸ் கியர் நிறுவனத்தின் 203 என்னும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இடம்பெற்றது. முன் தண்டுக்கும் பின் தண்டுக்கும் இடையே அதில் ஒரு டிஃபரன்ஷியல் இருந்ததால், காய்ந்த சாலையிலும் நான்கு சக்கரங்களும் இடையறாமல் இயங்க முடிந்தது. ஹப்பும் வேண்டாம், குமிழும் வேண்டாம், முடிவும் வேண்டாம்.

காலம் மட்டும் பொருந்தவில்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. பெட்ரோல் நிலையங்களில் வரிசைகள் நீண்டன. எப்போதும் சுழலும் முன் அச்சு எவ்வளவு குடிக்கிறது என்பதை உரிமையாளர்கள் அப்போதுதான் எண்ணிப் பார்த்தார்கள். அந்தப் பெட்டியின் உறுப்புகளை மாற்றி, முன்சக்கரங்களில் கைமுறை ஹப்புகளைப் பொருத்தும் உதிரித் தொகுப்புகள் சந்தைக்கு வந்தன. 1980ஆம் ஆண்டு மாதிரிகளில் பெரிய நிறுவனங்களின் பிக்கப்புகளே பகுதிநேர நாற்சக்கர இயக்கத்துக்குத் திரும்பின. முன் அச்சை விடுவிக்க வேண்டும் என்பது மீண்டும் உறுதியாயிற்று. யார் விடுவிப்பது என்பது மட்டுமே எஞ்சிய கேள்வி.

தானே பூட்டிக்கொள்ளும் ஹப்

தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படிக்கிறோம். 'திருப்பு' என்பதில் செய்விப்பவர் ஒருவர் இருக்கிறார். 'திரும்பு' என்பதில் பொருளே வினையை ஏற்கிறது. 1980களில் ஹப்பின் வினை இவ்வாறு மாறியது. ஃபோர்டு ரேஞ்சர் முதலிய பிக்கப்புகளில் வந்த தானியங்கி ஹப்பில் நெம்புகோலை இழுத்தால் முன் தண்டுக்கு விசை வரும். அந்த விசையே ஹப்பினுள் ஒரு சாய்வுத்தளத்தின் மேல் வளையத்தைத் தள்ளிப் பூட்டிவிடும். விடுவிப்பதற்கோ, நெம்புகோலைத் திருப்பிவைத்து, வண்டியை நிறுத்தி, சுமார் 3 மீட்டர் பின்னோக்கி ஓட்ட வேண்டும். உள்ளிருந்த சிறு சுருள்வில்லும் சாய்வுத்தளமும் அழுக்குக்கும் நீருக்கும் பழைய கிரீஸுக்கும் எளிதில் இரையாயின. பூட்டாமல் நழுவுவதும், பூட்டியபின் விடாமல் பிடித்துக்கொள்வதும் நேர்ந்தன. காசு கொடுத்து வாங்கிய தானியங்கியைக் கழற்றிவிட்டுக் கைமுறை ஹப்பை மாட்டிக்கொண்டவர்கள் பலர்.

மற்றொரு வழி, அச்சின் இடையில் அவிழ்ப்பது. 1984இன் ஜீப் செரோக்கியிலும் 1985 முதல் டாட்ஜ் பிக்கப்புகளிலும் முன் அச்சின் ஒருபக்கத்துத் தண்டு இரண்டு துண்டுகளாக இருந்தது. எஞ்சினிலிருந்து ரப்பர் குழாய் வழியே வரும் வேக்குவம், அதாவது காற்றுறிஞ்சும் விசை, ஒரு கவையை நகர்த்தித் துண்டுகளைச் சேர்க்கும் அல்லது பிரிக்கும். பிரித்துவிட்டால் நடப்பது அழகானது. ஒருபக்கத் தண்டு சக்கரத்தோடு முன்னோக்கிச் சுழல, டிஃபரன்ஷியலின் இயல்பால் வெட்டப்பட்ட பக்கத்துத் துண்டு எதிர்த்திசையில் சுழல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் பெரிய பற்சக்கரமும் முன்தண்டும் அசையாமல் நிற்கின்றன. ஓர் இடத்தில் வெட்டி இரு பக்கத்தையும் பெரும்பாலும் ஓய்வுபெறச் செய்த உத்தி இது. டொயோட்டாவும் 1980களின் பிற்பகுதியில் தன் பிக்கப்புகளில் இதே நெறியைக் கையாண்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1988இல் வெளியிட்ட பிக்கப்புகளில் மின்சாரத்தால் சூடேறி விரியும் வாயு அந்தக் கவையைத் தள்ளியது. வாயு சூடேறும்வரை ஓட்டுநர் காத்திருக்க வேண்டியிருந்தது.

கெடும்போது எப்பக்கம் சாய்வது?

ரப்பர் குழாய் வெடிக்கும். குளிரில் வாயு தாமதிக்கும். பொத்தானை அழுத்தியவருக்கு அச்சு பூட்டியதா இல்லையா என்பது சக்கரம் சுழன்று குழி பறிக்கும்போதுதான் தெரியவரும். இந்தக் கட்டத்தில்தான் வடிவமைப்பாளர்கள் சரியான கேள்விக்கு வந்துசேர்ந்தார்கள் என்று கருதுகிறோம். கருவி கெடுமா என்பதைவிட, கெட்டால் எப்பக்கம் சாயும் என்பதே அந்தக் கேள்வி.

ஃபோர்டு இதற்கு இரண்டு விடைகளைத் தந்தது. 1999இன் சூப்பர் டியூட்டி பிக்கப்பில் உள்ளிருந்தே இயக்கும் வகையில், வேக்குவத்தால் இயங்கும் ஹப்பின் முகத்தில் 'ஆட்டோ', 'லாக்' என்ற இரு நிலைகளுள்ள குமிழும் இருந்தது. தானியங்கி கைவிட்டால் இறங்கிக் கையால் பூட்டலாம். 2004இன் எஃப்-150இல் ஏற்பாடு தலைகீழானது. வேக்குவத்தின் வேலை பூட்டுவதன்று, பிரித்துப் பிடிப்பது. அது அற்றுப்போனால் சுருள்வில் தானே பூட்டிவிடும். கெட்டாலும் ஓட்டுநர் பனியில் கைவிடப்படமாட்டார். ஆனால் இதற்கும் விலை இருந்தது. வேக்குவம் முற்றிலும் அறாமல் பாதி குறைந்தால், பற்கள் அரைகுறையாய் உரசிக் கரகரவென்று அரைபடும்.

டாட்ஜின் பாதை இன்னும் வியப்பானது. 2000களின் தொடக்கத்தில் கனரகப் பிக்கப்புகளில் இடைவெட்டையே நீக்கி, முன் அச்சை எப்போதும் பிணைத்துவிட்டார்கள். கெடுவதற்கு ஒன்றுமில்லை, சுழற்சி மட்டும் ஓயவில்லை. உரிமையாளர்களில் சிலர் பெரும் பொருள் செலவிட்டுக் கைமுறை ஹப்புகளைப் பொருத்திக்கொண்டார்கள். 2013இல் எரிபொருள் சிக்கனத்துக்காக விடுவிக்கும் ஏற்பாடு ராம் கனரக வண்டிகளில் மீண்டும் வந்தது.

இந்த வரலாற்றைக் கையின் தோல்வி என்றோ தானியங்கியின் தோல்வி என்றோ படிக்க நமக்கு மனமில்லை. இரண்டும் தோற்கின்றன, தோற்கும் விதம்தான் வேறு. கைமுறை ஹப் தோற்பது மனிதன் மறப்பதால். ஆனால் அது தன் நிலையை முகத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. குனிந்து பார்த்தால் ஐயம் தீரும். குமிழைத் திருப்ப இறங்கியவரின் கால் சேற்றின் ஆழத்தையும் அளந்துவிடுகிறது. திரும்பிப் போய்விடலாம் என்ற முடிவும் அங்கே பிறக்கலாம். தானியங்கி நம்மை இறங்காமல் காக்கிறது. இருட்டிலும் மழையிலும் தனியே ஓட்டும் முதியவருக்கு அது சிறிய கொடையன்று. ஆனால் அது தன் நிலையை மறைக்கிறது.

பொறுப்பைக் கருவியிடம் ஒப்படைக்கும் எவரும் அதனிடம் இரண்டைக் கேட்டுப் பெறவேண்டும்: பூட்டியிருக்கிறதா என்பதை நாம் காண ஒரு வழி, அது கெட்டபோது நம் கை புக ஓர் இடம். 1999இன் அந்தக் குமிழில் இவ்விரண்டும் ஒருங்கே இருந்தன. தானியங்கியின் நடுவில் ஒரு கைக்கு இடம் விட்டுவைத்த அந்த முடிவு, சேம அச்சைக் கட்டியவர்களுக்கும் புரிந்திருக்கும்.