காதா, ஏடா? – வயலின், பியானோ வாத்தியார்களின் இரு வழிகள்

1960-களின் கடைசியில் தில்லி கரோல்பாக்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் ஒரு வயலின் வாத்தியார் வருவார். முதல் மூன்று மாதம் வில்லை என் கையில் தரவே இல்லை. “மொதல்ல பாடுடா, அப்புறம் வாசிக்கலாம்” என்பார். ஒன்பது வயதில் அது எனக்குத் தண்டனையாகத்தான் பட்டது. பல்லாண்டுகள் கழித்து என் பேத்தி பியானோ கற்கப் போனபோது, அவளுடைய டீச்சர் முதல் நாளே புத்தகத்தைப் பிரித்து வைத்தார். இந்த இரண்டு வழிகளும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

முதற் காரணம் வாத்தியத்திலேயே இருக்கிறது. பியானோவில் கட்டையை அழுத்தினால் ஸ்வரம் சரியாகவே வரும். வயலினில் வீணையைப் போல மெட்டு கிடையாது. விரல் எங்கே விழ வேண்டும் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் ஐரோப்பாவில் வயலினுக்கும் ஏடு முன்னே நின்றதுண்டு. மேதை மொஸார்ட்டின் தந்தை லியோபோல்ட் 1756-இல் வெளியிட்ட வயலின் பாடநூலில் முதல் அத்தியாயம் முழுவதும் ஸ்வரக் குறியீடும் தாளமும்தான். வயலினைப் பிடிக்கும் முறையே இரண்டாம் அத்தியாயத்தில்தான் வருகிறது!

நம்மிடம் நடந்தது வேறு. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859), மணலி முதலியாரின் ஆதரவில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். வாத்தியம் நமக்கு வந்து சேர்ந்தது. ஆனால் உட்காரும் முறையும் சுருதி கூட்டும் முறையும் மாறின. தரையில் அமர்ந்து வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றினார்கள். தந்திகளை ச-ப-ச-ப என்று கூட்டினார்கள். இடக்கை வழுக்கிச் செல்லவும், கமகம் பேசவும் வழி பிறந்தது. பாடமும் சரளி வரிசையில் தொடங்கும் வாய்ப்பாட்டு வழிக்கே வந்துவிட்டது. என் வாத்தியாரின் பிடிவாதத்துக்கு இதுதான் வேர்.

வேடிக்கை என்னவென்றால், இருபதாம் நூற்றாண்டில் ஜப்பானியரான ஷினிச்சி சுசூகி (1898–1998) வேறு பாதையில் இதே இடத்துக்கு வந்தார். குழந்தை தாய்மொழியைக் கேட்டுத்தானே பேசுகிறது, எழுத்து பிறகுதானே என்பது அவர் வாதம். இசைத்தட்டைத் தினமும் கேட்க வைத்தார். தாயையும் பாடத்தில் உட்கார வைத்தார். குறியீட்டைப் பின்னுக்குத் தள்ளினார்.

காதால் கற்றவர் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்வார் என்பதற்கு என். ராஜம் அவர்களே சாட்சி. தந்தை நாராயண ஐயரிடம் கர்நாடக வயலின் கற்ற அவர், ஓம்கார்நாத் தாகூரின் வழிகாட்டலில் இந்துஸ்தானி இசைக்குச் சென்று, குரலைப் போலவே வயலினைப் பாட வைத்தார். காசி இந்து பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் ஆசிரியராக இருந்தார்.

ஏட்டு வழியைக் குறை சொல்லவில்லை. எழுதி வைத்ததால்தானே பாஹ் நமக்குக் கிடைத்தார்? ஆனால் 1889-இல் லண்டனில் தோன்றிய ராயல் இசைப் பள்ளிகளின் தேர்வு வாரியத்தின் செய்முறைத் தேர்வில், மொத்தம் 150 மதிப்பெண்ணில் செவித் தேர்வுக்கு 18தான். அந்தப் பதினெட்டை ‘கடைசி வாரம் பார்த்துக்கலாம்’ என்று விடும் வழக்கம் உண்டு.

என் பேத்தி மூன்றாம் கிரேடில் அங்கேதான் தடுமாறினாள். விரல் ஓடியது, வாசித்துக் காட்டியதைத் திருப்பிப் பாடச் சொன்னால் வாய் திறக்கவில்லை. “தாத்தா, எனக்கு பியானோவே வேண்டாம்” என்று அழுதாள். மறுநாள் மாலை முதல் அவளோடு உட்கார்ந்து ச-ப-ச பாடினேன். டீச்சரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, வகுப்பின் முதல் பத்து நிமிடத்தைப் பாட்டுக்கென்றே ஒதுக்கினார். அவள் இன்றும் வாசிக்கிறாள்.

ஊரில் கோயில் நாதஸ்வரமும் பக்கத்து வீட்டுப் பாட்டும் குழந்தையின் காதைத் தானாகவே நிரப்பின. இங்கே, வெளி மாநிலத்தில், அந்த வேலை வாத்தியார் தலையிலும் நம் தலையிலும் விழுகிறது. குழந்தையை வகுப்பில் சேர்க்கும் அன்பர்கள், எத்தனை மாதத்தில் கிரேடு முடியும் என்று கேட்பதற்கு முன், “பாடச் சொல்லித் தருவீர்களா?” என்று கேளுங்கள்.